கோடை வராத ஆண்டு

கோடை இரவிலே பலர் கூடியமர்ந்து அச்சந்தரும் கதைகளைக் கேட்டு மகிழ்தல் எந்நாட்டு மக்களுக்கும் உவப்பானதே. ஆயின், உலகப் புகழ்பெற்ற அச்சக்கதை ஒன்று, கோடையே வராத ஓர் ஆண்டில் பிறந்தது. அவ்வரலாறு அறியத்தக்கது.

1815ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா என்னும் எரிமலை பெருமுழக்கத்துடன் வெடித்தது. அதினின்றும் எழுந்த கந்தக ஆவி வானின் மேலடுக்கை அடைந்து, நுண்ணிய படலமாய்ப் பரவிக் கதிரவன் ஒளியைத் தடுத்தது. அதனால் 1816ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் கோடை குளிர்ந்தது, மழை ஓயாது பெய்தது, பயிர்கள் அழிந்தன, பல இடங்களில் மக்கள் பசியால் வாடினர். அவ்வாண்டினைக் 'கோடையில்லா ஆண்டு' என வரலாற்றாசிரியர் கூறுவர்.

அவ்வாண்டில் ஆங்கிலக் கவிஞர் பைரன், சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள தியோதாத்தி மாளிகையில் தங்கியிருந்தார். மருத்துவர் பாலிடோரி அவருடன் இருந்தார். கவிஞர் ஷெல்லியும், பின்னாளில் அவர் மனைவியான மேரியும் அருகிலிருந்த வேறொரு வீட்டில் தங்கினர். மேரிக்கு அப்போது அகவை 18. மழையால் வெளியே உலவ இயலாத அவர்கள், விறகுத் தீயைச் சூழ்ந்தமர்ந்து, செருமானியப் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் படித்துப் பொழுது போக்கினர். ஒரு நாள் பைரன், "நாம் ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதுவோம்" என்றார்.

மற்றையோர் எழுதத் தொடங்கினர். மேரிக்கோ ஒன்றும் தோன்றவில்லை. "கதை கிடைத்ததா?" என்று காலைதோறும் வினவியவர்களுக்கு, "இல்லை" என்றே அவர் நாணத்துடன் விடையிறுக்க நேர்ந்தது. எனினும் அவர் முயற்சியைக் கைவிட்டாரில்லை.

ஓர் இரவு, உயிரின் இயல்பைப் பற்றிக் கவிஞர் இருவரும் உரையாடினர். இறந்த தவளையின் கால் மின்னாற்றலால் துடிப்பதை இத்தாலிய அறிஞர் கால்வானி முன்னரே காட்டியிருந்தார். மின்னாற்றலால் உயிரற்ற உடலை எழுப்ப இயலுமோ என்பது அக்காலத்து அறிஞர் பலரையும் ஆட்கொண்ட வினா. அதனைக் கேட்டுப் படுக்கைக்குச் சென்ற மேரியின் மனக்கண்முன், தான் உருவாக்கிய உடல் அசைவதைக் கண்டு அஞ்சும் இளைஞன் ஒருவன் தோன்றினான். கதை கிடைத்துவிட்டது! 'பிராங்கன்ஸ்டைன்' என்னும் அந்நூல் 1818ஆம் ஆண்டில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது.

விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் மாணவன், பிணங்களின் உறுப்புகளை இணைத்து ஓர் உருவம் சமைத்து, அதற்கு உயிரூட்டுகிறான். கண் திறந்த அதன் தோற்றத்தைக் கண்டு வெருண்டு, அதனைக் கைவிட்டு ஓடுகிறான். தனித்து அலைந்த அவ்வுயிர், ஓர் ஏழைக் குடும்பத்தாரை மறைந்திருந்து பார்த்தே பேசக் கற்கிறது; அவர்கள் அறியாமல் விறகு சேர்த்துக் கொடுக்கிறது. ஒரு நாள் துணிந்து வீட்டினுள் செல்கிறது. கண் தெரியாத முதியவர் அதனிடம் அன்புடன் பேசுகிறார். கண்ணுள்ள மற்றையோரோ அதன் உருவங்கண்டு அடித்துத் துரத்துகின்றனர். அன்பு கிட்டாத நெஞ்சில் வெஞ்சினம் குடிபுகுந்தது. விக்டரின் தம்பி, நண்பன், மனைவி ஆகியோரை அது கொன்றொழித்தது.

அவ்வுயிருக்கு நூலில் பெயரே இல்லை. பிராங்கன்ஸ்டைன் என்பது அதனைப் படைத்தவன் பெயர். பலரும் அதனைப் படைக்கப்பட்டதன் பெயரென மயங்குகின்றனர். உயிர் கொடுத்தவன் ஒரு பெயரும் கொடுத்தானில்லை என்பதை எண்ணும்போது, கதையின் உண்மையான அச்சம் எதுவெனப் புலனாகும்.

மாணவர்களே! அறிவியல் தீதென இக்கதை கூறவில்லை. ஆக்கும் ஆற்றல் பெற்றவன், ஆக்கியதைப் பேணும் கடமையையும் ஏற்றல் வேண்டும் என்பதே இதன் கருத்து. புதியன பலவற்றை ஆக்கும் நம் காலத்திற்கு, 18 அகவை நங்கை கண்ட இவ்வுண்மை பெரிதும் பொருந்துவதாகும்.

வினாக்கள்

1. 1816ஆம் ஆண்டு 'கோடையில்லா ஆண்டு' எனப்படுவது ஏன்?
2. மேரிக்குக் கதைக்கரு கிடைத்த வகையை விளக்குக.
3. பேரிடருக்குக் காரணம் விக்டரா, அவன் படைத்த உயிரா? ஆராய்ந்து எழுதுக.