மார்பளவுத் தண்ணீரில் மூச்சு

பழவேற்காட்டுத் தம்பிக்கு,

மீஞ்சூர் தபால் முத்திரையோடு வந்த உங்கள் கடிதத்தைப் படித்தேன். 2021 கொரோனாவில் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்த உங்கள் அண்ணனுக்கு எக்ஸ்ரே சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஏரியில் இறங்கினால் இரைக்கிறது, குப்பத்தில் "உடம்பு வணங்கல" என்று பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தப் பேச்சை முதலில் தள்ளுங்கள். நாம் இழுக்கும் காற்றிலிருந்து ரத்தத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் போகிறது என்பது எக்ஸ்ரேயில் தெரியாது. கொரோனாவிலிருந்து மீண்ட 207 பேரை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் சோதித்ததில், நூற்றுக்கு 44 பேருக்கு ஆக்சிஜனை ரத்தத்துக்குக் கடத்தும் அந்தத் திறன் குறைந்திருந்தது. பலருக்கு ஓராண்டுக்குள் சீராகும். சிலருக்கு நுரையீரலில் தழும்பு தங்கிவிடும்.

மூச்சு நோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தை அளக்க, லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் பெயரில் ஒரு கேள்வித்தாள் உலகமெங்கும் ஓடுகிறது. மேடேற முடிகிறதா, பனியை வாரித் தள்ள முடிகிறதா, கோல்ஃப் ஆட முடிகிறதா என்றெல்லாம் கேட்கும். உங்கள் கோரைக்குப்பத்தில் உட்கார்ந்து இதற்கு என்ன பதில் எழுதுவது? தண்ணீரில் நின்று வலை இழுக்க முடிகிறதா என்ற கேள்வி அதில் இல்லை. உங்களுக்கோ அதுதான் பிழைப்பு. மார்பளவுத் தண்ணீர் நெஞ்சையும் வயிற்றையும் நாலாபக்கமும் அழுத்துகிறது. காலில் இருக்கும் ரத்தமும் நெஞ்சுக்கு ஏறுகிறது. நல்ல நுரையீரலே அப்போது கொஞ்சம் குறைவாகத்தான் காற்றை வாங்கும். ஆகவே கரையில் சாதாரணமாக நடப்பவர் ஏரியில் திணறுவது நடிப்பல்ல.

மீஞ்சூரில் ரயிலேறி, சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அவரைக் கூட்டிப்போங்கள். ஆறு நிமிட நடைச் சோதனையும் நுரையீரல் திறன் சோதனையும் செய்யவேண்டுமா என்று கேளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் அளவு சரியாக இருந்து, நடந்தால் இறங்கலாம். சளியையும் சோதிக்கச் சொல்லுங்கள். காசநோய் இருந்தாலும் இதே இரைப்பு வரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். ஊர் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மருத்துவர் சரியென்றால் தினமும் கரையோரம் நடக்கட்டும், பேச்சு தடைபடாத வேகத்தில். மூச்சை மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து நிதானமாக விடட்டும்.

இன்னொன்று. உங்கள் பாடு, அதாவது ஏரியில் வலை போடும் முறை, வரும் நாளில் அவரைத் தண்ணீரில் இறக்காதீர்கள். வலையைச் சரிபார்க்கட்டும், மீன் பிரிக்கட்டும். அவர் பங்கை மட்டும் குறைக்கவேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் நீங்களே பேசுங்கள்.

அன்புடன்.