பொருளை உருவாக்கும் தொழிலகச் செயற்கூறுகள்

இனக்குழு என்பது பொருளின் அமைப்பைக் கூறும் வரைவு. அவ்வரைவின்படி நினைவகத்தில் உருவாவதே பொருள் என்பது முன்னரே விளக்கப்பட்டது. பொருள் உருவாகும்போது தானாக இயங்குவது ஆக்கி. ஆக்கிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அது தன் இனக்குழுவின் பெயரையே தாங்க வேண்டும். வேறு பெயர் சூட்ட இயலாது. எளிய விதியாகத் தோன்றும் இதனால் விளையும் இடர்ப்பாடுகள் சில உள. அவற்றைக் களையும் உத்தியே தொழிலகச் செயற்கூறு. ஆங்கிலத்தில் 'ஃபேக்டரி' எனப்படும் இது, ஒரு பொருளைத் தருவித்து, அழைத்தவரிடம் ஒப்படைப்பதையே பணியாகக் கொண்டது.

முதல் இடர்ப்பாடு பெயரைப் பற்றியது. சி++ மொழியின் நூலகத்தில் கலப்பெண்ணுக்கென ஓர் இனக்குழு உள்ளது. அதன் ஆக்கி, மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்னும் இரண்டு எண்களைப் பெறுகிறது. கலப்பெண்ணை மட்டு, வீச்சு என்னும் வேறு இரண்டு எண்களாலும் குறிக்கலாம். இவ்வழிக்கும் ஓர் ஆக்கியை எழுத முயன்றால் நிரல்பெயர்ப்பி ஏற்காது. ஏனெனில், இரண்டு ஆக்கிகளின் பெயரும் ஒன்று, அளபுருக்களின் வகையும் ஒன்று. ஆகவே 'போலார்' என்னும் தனிச் செயற்கூறு நூலகத்தில் அமைக்கப்பட்டுள்ளது. அது மட்டையும் வீச்சையும் பெற்றுக் கலப்பெண்ணைத் திருப்பியனுப்புகிறது.

இரண்டாவது இடர்ப்பாடு இதனினும் ஆழமானது. அடிப்படை இனக்குழுவின் சுட்டு வழியாகத் தருவிக்கப்பட்ட இனக்குழுவின் பொருளை இயக்கலாம் என்பது பல்லுருவாக்கத்தின் பயன். பொருள் எந்த இனக்குழுவைச் சேர்ந்தது என்பதை அழைப்பவர் அறிய வேண்டியதில்லை. ஆனால், பிறக்கும் தருணத்தில் மட்டும் அப்பெயரைச் சொல்லியே தீர வேண்டும். சி++ மொழியில் உறுப்புச் செயற்கூறு மெய்நிகராக இருக்கலாம். ஆக்கி அவ்வாறு இருக்க இயலாது. பொருளின் வகையைக் கண்டு செயற்கூற்றைத் தேர்வதே மெய்நிகர் அழைப்பு. பொருளே இன்னும் உருவாகாத நிலையில் எதன் வகையைக் காண்பது?

ஜாவா மொழியின் 'காலண்டர்' இனக்குழு இதற்கு விடை கூறுகிறது. இஃது ஓர் அருவ இனக்குழு. 'நியூ' என்னும் கட்டளையால் இதிலிருந்து நேரடியாகப் பொருளை உருவாக்க முடியாது. மாறாக, 'கெட் இன்ஸ்டன்ஸ்' என்னும் நிலையான செயற்கூற்றை அழைக்க வேண்டும். அது கணினியின் மொழி, நாடு பற்றிய அமைப்பை நோக்குகிறது. பெரும்பாலான நாடுகளுக்குக் கிரிகோரியன் நாட்காட்டிப் பொருளையும், தாய்லாந்துக்குப் பௌத்த நாட்காட்டிப் பொருளையும் அளிக்கிறது. 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஆறாம் பதிப்பில் ஜப்பானியப் பேரரசு ஆண்டுமுறையும் சேர்ந்தது. அதற்கு முன்பே எழுதப்பட்ட நிரல்களில் இதற்கெனப் புதிய இனக்குழுவின் பெயரைச் சேர்க்க வேண்டிய தேவை எழவில்லை. தேர்வு ஓரிடத்தில் இருந்தமையால் மாற்றமும் ஓரிடத்திலேயே முடிந்தது.

இவ்வசதிக்கு விலையும் உண்டு. பௌத்த நாட்காட்டி தாய்லாந்தில் 543 ஆண்டுகள் முன்னே செல்வது. 2024 அங்கே 2567. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து வயதைக் கணக்கிடும் நிரல் ஒன்றைக் கருதுக. 2007இல் பிறந்த மாணவரின் வயது 17 என வர வேண்டும். தாய்லாந்து அமைப்பிலுள்ள கணினியில் 560 என வரும்! நிரல்பெயர்ப்பி பிழை எதனையும் காட்டாது. தொழிலகமும் தவறு செய்யவில்லை. கிடைப்பது கிரிகோரியன் நாட்காட்டியே என நிரலர் கருதிக்கொண்டதே தவறு. ஆண்டுமுறை இன்னதென உறுதியாகத் தேவைப்படும் இடத்தில் அந்த இனக்குழுவைப் பெயர் சொல்லியே கேட்பதுதான் முறை. 2014இல் ஜாவாவின் எட்டாம் பதிப்பில் வந்த 'லோக்கல் டேட்' இனக்குழு, எந்நாட்டிலும் பன்னாட்டுத் தர நாட்காட்டியையே பின்பற்றுகிறது.

தொழிலகம் ஒவ்வொரு முறையும் புதிய பொருளையே தர வேண்டும் என்பதும் இல்லை. ஜாவாவில் முழு எண் பொருளைத் தரும் 'வேல்யூ ஆஃப்' செயற்கூறு, -128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு முன்பே ஆக்கி வைத்த பொருள்களையே மீண்டும் மீண்டும் வழங்குகிறது. நினைவகம் மிச்சமாகிறது.

சி++ மொழியில் இன்னொரு வினா எழும். தொழிலகம் உருவாக்கித் தந்த பொருளை அழிப்பது யார் பொறுப்பு? வெறும் சுட்டு திரும்பி வந்தால், அழைத்தவர் 'டெலீட்' செய்ய மறக்கக்கூடும், நினைவகம் கசியும். 2014ஆம் ஆண்டின் தரத்தில் சேர்ந்த 'மேக் யுனிக்' என்னும் செயற்கூறு, பொருளை உருவாக்கி, அதற்கு ஒரே உரிமையாளரான திறன்சுட்டினுள் வைத்துத் தருகிறது. அச்சுட்டின் வரையெல்லை முடிந்ததும் அழிப்பி தானே இயங்கும்.

எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட நூல் 23 வடிவமைப்பு உத்திகளைத் தொகுத்தது. அவற்றுள் இரண்டு தொழிலகம் என்னும் பெயர் தாங்கியவை. அந்நூலைக் கற்றோர் சிலர் எல்லா இனக்குழுவுக்கும் தொழிலகம் கட்டத் தொடங்கினர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே ஓர் இனக்குழு, தெளிவான அளபுருக்கள், மாற்றத்திற்கு வாய்ப்பில்லை என்றால் ஆக்கியே போதும். மாணவர்தம் செய்முறை நிரல்களுள் பெரும்பாலானவை அத்தகையனவே.