நீட்சிப் பயிற்சியும் செய்யும் காலமும்

மூட்டு ஒன்று தன் முழு எல்லைவரை தடையின்றி அசையும் திறன் நெகிழ்வுத்திறன் எனப்படும். கபடியில் பாடிச் செல்பவர் காலை நீட்டி எதிரணியினரைத் தொடுவதற்கும், தடை தாண்டும் ஓட்டத்தில் வீரர் முன்காலை உயர்த்தி வீசுவதற்கும் இத்திறனே துணைநிற்கிறது. இதனை வளர்க்கும் நீட்சிப் பயிற்சிகள் பல வகைப்படும். காலமறிந்து செய்யாவிடில், நன்மை தரவேண்டிய பயிற்சியே ஆற்றலைக் குறைத்துவிடக்கூடும்.

ஆட்டத்திற்கு முன் செய்யத்தக்கது இயங்குநிலை நீட்சி. ஐந்து முதல் பத்து நிமிடங்கள் மெதுவாக ஓடி உடலைச் சூடேற்றிய பின், கால்களை முன்னும் பின்னும் வீசுதல், முழங்காலை உயர்த்தி நடத்தல், கைகளைச் சுழற்றுதல் ஆகியவற்றைச் செய்தல் வேண்டும். இவற்றால் தசைகளில் குருதியோட்டம் மிகுகிறது, வெப்பம் உயர்கிறது, உடல் விரைந்த அசைவுகளுக்கு ஆயத்தமாகிறது.

ஆட்டம் முடிந்தபின் ஏற்றது நிலைத்த நீட்சி. தசையை மெல்ல நீட்டி, அந்நிலையிலேயே 10 முதல் 30 நொடிகள் அசையாமல் இருத்தல் இதன் முறையாகும். இவ்வாறு ஒவ்வொரு தசைக்கும் இரண்டு முதல் நான்கு முறை, வாரத்தில் குறைந்தது இரண்டு அல்லது மூன்று நாள்கள் செய்துவந்தால் நெகிழ்வு படிப்படியாகப் பெருகும். ஆனால், ஒரே தசையை ஒரு நிமிடத்திற்கு மேல் நீட்டி வைத்துவிட்டு உடனே ஓடினாலோ தாண்டினாலோ, அதன் விசை சற்றுக் குறையும். ஓட்டப் பந்தயத்திற்குச் சற்றுமுன் நெடுநேரம் குனிந்து கால்விரலைப் பற்றி நிற்கும் வழக்கம் இதனாலேயே தவிர்க்கத்தக்கது.

குலுக்கிக் குலுக்கி நீட்டுவது துள்ளல் நீட்சி. தசையினுள் நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் உள்ளன. தசை திடீரென இழுக்கப்பட்டால், அவை அதனைச் சுருங்கச் செய்கின்றன. நீட்டும் விசையும் சுருங்கும் விசையும் ஒருங்கே தாக்குவதால் தசைநார் கிழிய நேரிடலாம். ஆதலின், தொடக்கநிலையினர் இதனை மேற்கொள்ளலாகாது.

சுருக்கி நீட்டும் முறை மற்றொரு வகை. இது 1940களில் அமெரிக்க மருத்துவர் ஹெர்மன் காபாட் உருவாக்கிய மறுவாழ்வுச் சிகிச்சை முறையிலிருந்து வளர்ந்தது. துணைவர் காலைத் தாங்கிப் பிடிக்க, பயில்பவர் சில நொடிகள் அதனை எதிர்த்து அழுத்தித் தளர்த்துவார். பின்னர் கால் மேலும் நீட்டப்படும். ஆசிரியரின் மேற்பார்வையில், உடல் சூடான பின்னரே இதனைச் செய்தல் வேண்டும்.

எவ்வகை நீட்சியாயினும் தசையில் இறுக்கம் தோன்றுவது இயல்பு. கூர்மையான வலி எழுந்தால், அக்கணமே நிறுத்தி ஆசிரியரிடம் தெரிவித்தல் வேண்டும்.