புதிய பிராசசர்: வாங்கலாமா, பொறுக்கலாமா?



சரக்கு எதுவானாலும் அதன் குணத்தையும் குற்றத்தையும் பார்த்துக் கொள்முதல் செய்வது நம் தொழில் வழக்கம். துவரம் பருப்பு மூட்டையில் கையை விட்டு அடிப்பருப்பை எடுத்துப் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால், விற்பவர் சொல்வதைக் கேட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். "புது பிராசசர் வந்துவிட்டது, பழசைத் தள்ளிவிடுங்கள்" என்ற பேச்சு பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காடு வரை வந்துவிட்டது. ஏரிக்கு அக்கரையில் பசியாவரத்தில் கடை வைத்திருப்பவர்களும் நம்மிடம் சரக்கெடுக்க வரும்போது இதையே கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன விவரங்களை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறோம்.

பிராசசர் என்பது என்ன?

கம்ப்யூட்டரின் கணக்குப்பிள்ளைதான் பிராசசர். "நான்கு கோர்" என்றால் ஒரே பெட்டியில் நான்கு கணக்குப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கொள்ளலாம். "கிகாஹெர்ட்ஸ்" என்பது அவர்கள் கை ஓடும் வேகம். மெமரி என்பது அவர்கள் முன்னால் உள்ள மேசை. ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. என்பது பேரேடுகளை அடுக்கி வைக்கும் அலமாரி.

மேசை சிறியதாகவும் அலமாரி தூரத்திலும் இருந்தால், எவ்வளவு கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளையாலும் வேகமாக எழுத முடியாது. "கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது" என்று நம் அங்கத்தினர்கள் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் குறை பிராசசரில் இருப்பதில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கிலோ, 4 ஜி.பி.க்கும் குறைவான மெமரியிலோ இருக்கிறது.

நம் கடையில் வேலை எவ்வளவு?

நாளொன்றுக்கு 200 பில் போடும் மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். 12 மணி நேரத்தில் 200 பில் என்றால், சுமார் மூன்றரை நிமிடத்துக்கு ஒரு பில். சர்க்கரை நிறுத்து, எண்ணெய் எடுத்து வைத்து, பணம் வாங்கிச் சில்லறை கொடுப்பதற்குள் கம்ப்யூட்டர் தன் வேலையை முடித்துவிட்டுச் சும்மா நிற்கிறது. பில் போடும் மென்பொருளுக்கு ஒன்றிரண்டு கோர் போதும். பத்து, இருபது கோர் உள்ள பிராசசரை வாங்கினால், ஒருவர் எழுத மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து நாம் விலை கொடுத்திருப்போம்.

புதியதன் நன்மைகள்

முதலாவது, பாதுகாப்பு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை ஓராண்டுத் தவணை தரப்பட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது இன்டெல் 8ஆம் தலைமுறை, ஏ.எம்.டி. ரைசன் 2000 வரிசை, அவற்றுக்குப் பின் வந்தவை ஆகிய பிராசசர்களைத்தான். வங்கிக் கணக்கையும் ஜி.எஸ்.டி. தாக்கலையும் அதே இயந்திரத்தில் பார்ப்பவர்கள் இதை அலட்சியம் செய்யலாகாது.

இரண்டாவது, மின்சாரம். 2023இல் வெளிவந்த இன்டெல் என்100 என்ற நான்கு கோர் பிராசசரின் மின்கணக்கு 6 வாட் மட்டுமே. கடைக் கணக்குக்கு அது தாராளமாகப் போதும். அதே காலத்தில் வந்த உயர்ரகப் பிராசசர்களோ 125 வாட்டில் தொடங்கி, வேகம் எடுக்கும்போது 250 வாட்டையும் தாண்டுபவை. புதியது என்றாலே சிக்கனம் என்று எண்ணிவிட வேண்டாம். எந்த ரகம் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, சூடு. வாட் குறைந்தால் சூடு குறையும், மின்விசிறிக்கும் வேலை குறையும். ஏரிக்கரைக் கடைகளுக்கு இது முக்கியம். உப்புக் காற்றையும், மிளகாய்த்தூள், கோதுமை மாவுத் தூசியையும் மின்விசிறி உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பு ஈரம் படிந்த போர்டு துருப்பிடிக்கும்.

புதியதன் தீமைகள்

முதலாவது, பிராசசரை மட்டும் மாற்றிவிட முடியாது. புதிய கல்லுக்குப் புதிய தராசும் வாங்க வேண்டியிருக்கிறது. ஏ.எம்.டி. 2022இல் ஏ.எம்.5 என்ற புதிய இருக்கைக்கு மாறியது. அதில் டி.டி.ஆர்.5 மெமரி மட்டுமே பொருந்தும். இன்டெல் 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசைக்காக இருக்கையை மாற்றியது. ஆகவே போர்டு, மெமரி எல்லாம் சேர்ந்து புதுக் கொள்முதலாகிவிடும். போதாததற்கு 2025 கடைசியில் மெமரிக்குத் தட்டுப்பாடு வந்து விலை கடுமையாக ஏறியது. பிராசசர் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்மானிப்பவர் ஏமாந்துபோவார்.

இரண்டாவது, பழைய புரோகிராம் ஓடாமல் போகலாம். டாஸ் காலத்தில் எழுதி வாங்கிய 16 பிட் பில் புரோகிராமை இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11 என்பது 64 பிட்டில் மட்டுமே வருவது. அதில் அந்த 16 பிட் புரோகிராம் நேராக ஓடாது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைச் செருகும் அகலமான துவாரமும் புது இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை.

மூன்றாவது, முதல் அறுவடையில் பதர் இருக்கக்கூடும். 1993இல் பென்டியம் வந்தபோது உலகமே கொண்டாடியது. 1994இல் தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், அது சில வகுத்தல் கணக்குகளில் தவறான விடை தருகிறது என்று கண்டு சொன்னார். தேவை என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவதாக முதலில் சொன்ன இன்டெல், அந்த டிசம்பரில் கேட்ட அனைவருக்கும் மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அதற்காக 47 கோடியே 50 லட்சம் டாலரை ஒதுக்க வேண்டியதாயிற்று. 30 ஆண்டு கழித்து, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பல, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் பழுதாவது தெரியவந்தது. 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்ட இன்டெல், உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. இரண்டு முறையும் குறை வெளிவந்தது சரக்கு சந்தைக்கு வந்து பல மாதங்களுக்குப் பிறகுதான். அதுவரை பொறுத்து வாங்கியவருக்குத் தெரிந்து வாங்கும் வசதி கிடைத்தது.

ஏரிக்கு மேலே பறக்கும் பாடம்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள் பசியாவரம் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அன்று மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். கடலில் பாடு இல்லாவிட்டால் கடையில் கடன் எழுத வேண்டும். தலைக்கு மேலே சீறிக்கொண்டு போகும் அந்த ராக்கெட்டில் எந்தப் பிராசசர் இருக்கிறது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

இஸ்ரோ ராக்கெட்டுகளில் 2009 முதல் பயன்பட்டு வருவது நம் நாட்டில் வடிவமைத்த விக்ரம் 1601. அது வெறும் 16 பிட் பிராசசர். வேகத்தில் இன்றைய கைபேசியின் பக்கத்தில்கூட அது நிற்காது. ஆனால் அதிர்வையும் வெப்பத்தையும் தாங்கிக் கொடுத்த வேலையைப் பிசகாமல் செய்யும். அதற்கு அடுத்ததான 32 பிட் விக்ரம் 3201ஐச் சண்டிகரில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகம் தயாரித்தது. அதையும் 2024 டிசம்பர் 30ஆம் தேதி ஏவிய பி.எஸ்.எல்.வி. சி60 பயணத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் பிறகே 2025 மார்ச்சில் முதல் தொகுதி முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. ராக்கெட் விடுகிறவர்களே வேலைக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்து, சோதித்த பிறகே மாறுகிறார்கள். பில் போடும் நாம் அவசரப்படுவானேன்?

முதலுக்கு மோசம் வரலாமா?

நூறு ரூபாய் விற்றால் நான்கு ரூபாய் நிகரமாக நிற்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். தேவைக்கு மேல் 20,000 ரூபாய் கொடுத்து உயர்ரகம் வாங்கினால், அதை ஈடுகட்ட 5 லட்சம் ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். அந்த 20,000 ரூபாயில் 25 கிலோ அரிசிச் சிப்பம் பத்துக்கு மேல் எடுத்து அடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வலை வீசப் போக முடியாத நாட்களில் கடன் கொடுத்துத் தாங்க அந்தச் சரக்குதான் உதவும். சிறு கடைக்காரரின் கைமுதல் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் முடங்கக் கூடாது.

மின்சாரத்தையும் கணக்கிடுவோம். முழு இயந்திரமும் சேர்த்துச் சராசரியாக 100 வாட் இழுத்தால், 12 மணி நேரத்தில் 1.2 யூனிட். 25 வாட் என்றால் 0.3 யூனிட். வித்தியாசம் நாளைக்கு 0.9, மாதத்துக்கு 27 யூனிட். இதைவிடப் பெரிய லாபம், மின்வெட்டில் அதே யு.பி.எஸ். நெடுநேரம் தாங்கும் என்பதே.

யார் வாங்கலாம்?

1. இயந்திரம் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, வேலையும் செய்கிறது என்றால் மாற்ற வேண்டாம். எஸ்.எஸ்.டி. போட்டு, மெமரியை 8 ஜி.பி. ஆக்குங்கள்.

2. அதற்கு முந்தியது, இன்டர்நெட் இணைப்பும் உண்டு என்றால் மாற்றியே ஆக வேண்டும். சந்தைக்கு வந்து ஓராண்டாவது ஆன, குறைந்த வாட் உள்ள சிறு ரகமே போதும்.

3. இணைப்பு இல்லாமல் பில் மட்டும் போடும் பழைய இயந்திரம் ஓடும்வரை ஓடட்டும்.

4. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டி, 2023 ஆகஸ்ட் முதல் மின்-இன்வாய்ஸ் போடவேண்டிய மொத்த வியாபாரிகள் மூன்று நான்கு கவுன்ட்டர் வைத்திருந்தால், மத்திய இயந்திரத்துக்கு மட்டும் நடுத்தர ரகமும் 16 ஜி.பி. மெமரியும் வாங்கலாம்.

5. நாளுக்கு முப்பது நாற்பது பேர் வந்துபோகும் கடைக்குக் கைபேசியும் சிட்டைப் புத்தகமும் போதும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

உத்தரவாதம் யார் பொறுப்பு என்று கேளுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் பிராசசருக்குத் தயாரிப்பாளரே பொறுப்பேற்பார். பெட்டி இல்லாமல் விற்கும் "டிரே" சரக்குக்கு விற்றவரைத்தான் கேட்க வேண்டும். பழுதானால் மெக்கானிக் ஏரியைக் கடந்து பசியாவரம் வருவாரா, நாம் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்கட்டும். 30,000 ரூபாய் விலைக்கு 18 சதவீத வரி 5,400 ரூபாய். முறையான பதிவுள்ளவர்கள் இதை உள்ளீட்டு வரியாக வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. "ஏ.ஐ. பிராசசர்" என்று கூடுதல் விலை சொன்னால், நம் பில் புரோகிராம் அதை எதற்குப் பயன்படுத்தும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த விலையும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எந்தப் பிராசசர் வாங்கினாலும் கடை சாத்துமுன் கடன் பேரேட்டை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இயந்திரம் போனால் பணம் கொடுத்து இன்னொன்று வாங்கிவிடலாம். யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு போனால், நமக்கும் நஷ்டம், நேர்மையாக வாங்கிப் போனவர்களுக்கும் நமக்கும் இடையே மனத்தாங்கலும் வரும். அந்தக் கணக்கைக் காப்பாற்றத்தான் கம்ப்யூட்டர் வாங்குகிறோம் என்பதை மனதில் வைத்து, நிதானமாக விலை பேசுங்கள்.