அழுக்கோடு போகும் அடையாளங்கள்

பழைய கார்களைப் புதுப்பிப்போரிடையே, எஞ்சினைச் சுத்தம் செய்வதென்றால் அதைப் பளபளக்க வைப்பது என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. ஆனால் 1960களின் அமெரிக்கக் கார்களில், குறிப்பாக ‘ஸ்மால் பிளாக்’ எனப்படும் வி-8 எஞ்சினுடன் வந்த ஷெவ்ரொலே கமாரோ, கார்வெட் போன்றவற்றில், எஞ்சினும் காரும் ஒன்றாகவே ஆலையை விட்டு வந்தனவா என்பதற்கு ஆலைக் குறிகளே முதன்மைச் சான்று. அவை மூவகைப்படும்: அச்சிலேயே உருவாகி இரும்பின் மேல் புடைத்து நிற்கும் வார்ப்புக் குறிகள், பின்னர் உளி அச்சால் அடித்துப் பதித்த பொறிப்புகள், ஆலைப் பணியாளர்கள் சுண்ணத்தாலும் மெழுகுக் கிரேயானாலும் பெயின்ட்டாலும் இட்ட மேற்பரப்புக் குறிகள். இம்மூன்றும் மூன்று விதமாக அழிகின்றன என்பதை உணராததிலிருந்துதான் பின்வரும் நம்பிக்கைகள் கிளைக்கின்றன.

நம்பிக்கை: இரும்பில் பதிந்த எண்ணை எதுவும் அழிக்காது.

வார்ப்புக் குறிக்கு இது பெரும்பாலும் பொருந்தும், பொறிப்புக்குப் பொருந்தாது. ஷெவ்ரொலே ஸ்மால் பிளாக்கில், அமெரிக்கக் காரின் பயணி அமரும் வலப்பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டின் முன்விளிம்பை ஒட்டிச் சிறிய தட்டையான மேடை ஒன்று உண்டு. அதில் ‘வி0207டிஇசட்’ என்று இருந்தால், ‘வி’ மிச்சிகன் மாநிலத்து ஃபிளிண்ட் ஆலையையும், நான்கு இலக்கங்கள் எஞ்சினைப் பூட்டிய மாதத்தையும் நாளையும், கடைசி எழுத்துகள் 1969 கமாரோ இசட்-28க்கான 302 கன அங்குல எஞ்சின் என்பதையும் குறிக்கும். அதனருகே காரின் அடையாள எண்ணின் சுருக்க வடிவமும் பதிந்திருக்கும். இவற்றைவிட நுட்பமான சான்று எழுத்துகளுக்கு அடியில் இருக்கிறது. ஹெட் அமரும் பரப்பும் இந்த மேடையும் ஒரே தளத்தில் இருப்பதால், வரிசையாகப் பற்கள் கொண்ட ‘புரோச்’ என்னும் வெட்டுக்கருவி இரண்டையும் ஒரே ஓட்டத்தில் சீவியது. அது விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகளின் மேல்தான் எண்கள் பொறிக்கப்பட்டன. எண்கள் ஆழமானவை; கோடுகளோ உப்புத்தாளின் சில தேய்ப்புகளுக்கும் சுழலும் கம்பி பிரஷ்ஷுக்கும் தாங்காதவை. எண் தெளிவாக இருந்தும் அடியிலுள்ள கோடுகள் மறைந்த மேடையைத் தேர்ந்த மதிப்பீட்டாளர் உடனே சந்தேகிப்பார்.

இதைவிடப் பெரிய இழப்பு லேத் பட்டறையில் நேர்கிறது. ஹெட் அமரும் பரப்பு கோணலாகியிருந்தால் அதைச் சமன்செய்யப் பிளாக்கை ஃபேசிங் செய்யும்போது, ஒரே தளத்திலுள்ள மேடையும் சேர்ந்து சீவப்பட்டு, எண்ணும் கோடுகளும் இரும்புத்தூளாகிவிடும். மேடையைத் தொடாமல் சீவுமாறு முன்கூட்டியே சொல்லாவிட்டால் பட்டறைக்காரரைக் குறைகூறுவதில் பயனில்லை. அவர் தம் வேலையைச் சரியாகவே செய்திருப்பார்.

நம்பிக்கை: வார்ப்பு எண் பொருந்தினால் அது அசல் எஞ்சின்.

வார்ப்பு எண் எந்த வகைப் பிளாக் என்பதை மட்டுமே காட்டும். 3970010 என்ற எண்ணுள்ள பிளாக் 1969இலும் அதற்குப் பின் பல ஆண்டுகளும் கார்களுக்கும் டிரக்குகளுக்கும் வார்க்கப்பட்டது. வார்ப்புத் தேதியிலும் மாதம் ஓர் எழுத்தாக, ஜனவரிக்கு ‘ஏ’ என்று தொடங்கி, ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் இடம்பெறுவதால், அது பத்தாண்டு வேறுபாட்டைச் சொல்லாது. சிறுமேடையைக் காப்பது இதனாலேயே இன்றியமையாததாகிறது.

நம்பிக்கை: மண்ணெண்ணெய் மென்மையானது, எதையும் கெடுக்காது.

இரும்பைக் கெடுக்காது என்பது உண்மை. ஆனால் மெழுகுக் கிரேயான் மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் கரைந்துவிடும். சுண்ணக் குறி எண்ணெயில் கரையாவிட்டாலும் ஈரத்துணி பட்டதும் போய்விடும். போல்ட்டை உரிய விசையில் முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக வைத்த பெயின்ட் பொட்டுத் தின்னரில் கரையும். ஆகவே எல்லாக் குறிகளுக்கும் பொதுவான பாதுகாப்பான திரவம் என்று ஒன்றும் இல்லை. குறியின் தன்மையை அறிய, பஞ்சுக் குச்சியை ஒரு திரவத்தில் நனைத்துக் குறியின் கண்ணுக்குப் படாத ஓரத்தில் தொட்டு, நிறம் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே மேற்செல்ல வேண்டும்.

அதற்கு முன், தடித்த கிரீஸை மரச்சீவுளியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ அடுக்கடுக்காக எடுப்பதும், ஒவ்வோர் அடுக்குக்குப் பிறகும் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் ஒளியில் புகைப்படம் எடுப்பதும் நல்லது. சாய்வொளியில்தான் மெல்லிய கோடுகள் நிழல் காட்டும். பலரும் வெறுக்கும் அந்தக் கிரீஸ்தான் காற்றையும் ஈரத்தையும் தடுத்துக் குறிகளை அரை நூற்றாண்டு காத்திருக்கும் என்பதால், அதை எதிரியாகப் பார்ப்பதே பிழை. உயரழுத்த வாட்டர் வாஷும் மணல் வீச்சும் இங்கே தகாதவை. காஸ்டிக் சோடாத் தொட்டி இரும்புப் பிளாக்கின் பொறிப்புக்குத் தீங்கு செய்யாது. ஆனால் மேற்பரப்புக் குறிகள் அனைத்தையும் கழுவிவிடுவதோடு, இசட்-28 கமாரோவின் இன்டேக் மேனிஃபோல்டு போன்ற அலுமினியப் பாகங்களை அரித்தும்விடும். சுத்தம் செய்த வெற்று இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் மேடையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூச வேண்டும்.

நம்பிக்கை: ஆலையிலிருந்து வந்தபோது எஞ்சின் குறையற்றுப் பளபளத்தது.

ஷெவ்ரொலேயின் ஆரஞ்சு நிறப் பெயின்ட், பூட்டி முடித்த எஞ்சின்மீது வேகமாகத் தெளிக்கப்பட்டது. பக்கத்துப் பாகங்களில் தெறிப்பும், எட்டாத மூலைகளில் பூசாத இடமும் இருந்தன. 1974இல் தொடங்கப்பட்ட தேசியக் கார்வெட் புதுப்பிப்போர் சங்கத்தின் மதிப்பீட்டில், ஆலையை விட்டபோது கார் இருந்த நிலையே அளவுகோல். அதைவிட மெருகேறிய எஞ்சினுக்கு அங்கே மதிப்பெண் குறையும்.

நம்பிக்கை: அழிந்த எண்ணை மீண்டும் பொறித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் வாகன அடையாள எண்களை அறிந்தே அழிப்பதும் மாற்றுவதும் 1984இன் சட்டப்படி கூட்டாட்சிக் குற்றம். இந்தியாவிலும் எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இடம்பெறுவதால் அது மறைந்தால் பெயர் மாற்றம் சிக்கலாகும். 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு ‘வி ஏ’ எழுத்துகளுடன் தனிப் பதிவெண் தரும் 2021ஆம் ஆண்டு விதிகளும் வாகனம் அசல் வடிவில் இருப்பதையே நிபந்தனையாக்குகின்றன. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் படி, பொறிப்பைத் துளியும் தேய்க்காத பழைய உத்தி. அதே உத்தியால் எஞ்சின் மேடையையும், துப்புரவு தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பின்பும் படியெடுத்து, பழைய வண்ணப் பொட்டுகளின் புகைப்படங்களோடு வைத்தால், பின்னாளில் புதிதாக இட்ட பொட்டு எது, ஆலை இட்டது எது என்பதைப் பிரித்தறிய முடியும்.