கழுத்து விரியாமல் இருக்க

சட்டையோ ரவிக்கையோ பாஜு கூரோங்கோ, தைக்கும்போது முதலில் கெடுவது கழுத்துப் பகுதிதான். சரியான அளவில்தான் வெட்டியிருப்போம். தோளை இணைத்துக் கைகளை வைத்துத் தைத்து முடிப்பதற்குள் கழுத்து அகன்று தொங்கும். விரிந்த கழுத்தை மீண்டும் சிறிதாக்குவது கடினம். பலரும் வெட்டியவரைக் குறை கூறுவர். பாவம், பெரும்பாலும் அவர்மீது தவறிருக்காது.

ஒரு பருத்திக் கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. நீளவாக்கிலோ அகலவாக்கிலோ இழுத்தால் துணி அவ்வளவாக நீளாது. மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள், நெகிழ்ந்து கொடுக்கும். அந்தத் திசையில் இழுப்பைத் தாங்க நூல் எதுவும் இல்லை. வளைவாக வெட்டிய கழுத்தில் சில இடங்கள் இந்தச் சாய்வில்தான் அமைகின்றன. துணியைத் தூக்கினாலே அதன் எடை அவ்விடங்களை இழுத்துவிடும். ஜார்ஜெட் போன்ற வழுக்கும் துணியில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

ஆகவே, வெட்டியவுடன், வேறெந்தத் தையலுக்கும் முன்பாக, கழுத்தைச் சுற்றி ஒற்றைத் துணிமீது ஒரு தையல் போட வேண்டும். இதனை நிலைத்தையல் எனலாம். தையலுக்காக 1.5 சென்டிமீட்டர் விட்டிருந்தால், விளிம்பிலிருந்து ஏறத்தாழ 1.2 சென்டிமீட்டர் தள்ளித் தையுங்கள். பின்னர் உள்பட்டி வைத்துத் தைக்கும்போது இது மறைந்துவிடும். ஒரு தோளிலிருந்து நடுக்கழுத்துவரை தைத்து நிறுத்துங்கள். பிறகு மறு தோளிலிருந்து நடுவரை தையுங்கள். ஒரே ஓட்டமாகத் தைத்தால் துணி ஒரு பக்கமாகத் தள்ளப்படும். துணியைக் கையால் இழுக்கவே கூடாது. இழுத்துத் தைத்தால், விரிந்த அளவே நிலைத்துவிடும்! முடிந்ததும் மாதிரித்தாளை மேலே வைத்து ஒப்பிடுங்கள்.

ஓவர்லாக் அடித்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அது நூல் பிரியாமல் காக்கும். கழுத்து விரிவதைத் தடுக்க அதை நம்ப முடியாது.

பாஜு கூரோங் வகைகளுள் ஒன்றான தெலுக் பிளாங்காவிற்குக் காலர் கிடையாது. அதன் வட்டக் கழுத்தின் விளிம்பில் நெருக்கமான கைத்தையல் ஒன்று ஓடும். அதற்குத் 'துலாங் பெலுட்' என்று பெயர். விலாங்கின் எலும்பு என்பது பொருள். அழகுக்காகப் போட்டதென்று பலர் எண்ணும் அந்தத் தையல்தான், தலை நுழையும் ஒவ்வொரு முறையும் இழுபடும் விளிம்பைத் தாங்கிப் பிடிக்கிறது.