இழுப்பு நோயும் இரண்டு இன்ஹேலர்களும்



இழுப்பு, இளைப்பு, ஈளை என்று நம்மவர்களும், லெலா என்று மலாய்ச் சகோதரர்களும் கூறும் ஆஸ்துமா வியாதியைப் பற்றிச் சில விஷயங்களை எழுதும்படி சங்கத்துப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் வைத்தியம் படித்தவனல்லன். பாலோவில் மளிகைக் கடை வைத்திருப்பவன். எனக்கே இவ்வியாதி இருப்பதாகக் குளுவாங்கில் டாக்டர் சொல்லி எட்டு மாதங்களாகின்றன. அதன் பின் டாக்டரிடம் கேட்டும், படித்தும் அறிந்தவற்றில், புதிதாக இந்நோய் கண்டவர்களுக்கு அவசியமானவற்றை மட்டும் இங்கே வரைகிறேன்.

முதலில் நோய் இன்னதென்று அறிய வேண்டும். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக் குழாய்களின் உட்புறம் எந்நேரமும் சற்று வீங்கியே இருக்கிறது. தூசியோ, புகையோ, குளிர்ந்த காற்றோ அதன்மேல் பட்டவுடன் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி சுரக்கிறது, வழி குறுகிப் போகிறது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு என்பதை அனுபவித்தவர் அறிவர். இழுப்பு நின்ற நாளில் நோயும் போய்விட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். இழுப்பு அடங்கினாலும் வீக்கம் அடங்குவதில்லை. இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவையெல்லாம் எளிதில் விளங்கும்.

டாக்டர்கள் பெரும்பாலும் இரண்டு இன்ஹேலர்கள் கொடுப்பார்கள். ஒன்று நீல நிறமானது. அதிலுள்ள சால்பியூட்டமால் என்னும் மருந்து இறுகிய தசையைச் சில நிமிஷங்களில் தளர்த்திவிடும். நான்கைந்து மணி நேரத்தில் அதன் பலன் தீர்ந்துவிடும். மற்றொன்று பழுப்பு, ஆரஞ்சு போன்ற நிறங்களில் வருவது. ஸ்டீராய்டு மருந்து உள்ளது. வீக்கத்தைத் தணிப்பது இதுவேயாகும். ஆனால் இன்று இழுத்தால் இன்றே குணம் தெரியாது. நாட்கள், சிலருக்கு வாரங்கள் செல்லும். ஆகவே ஜனங்கள் செய்வது யாது? நீலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். பழுப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ஒழுகுகிற வீட்டில் வாளி வைப்பது நீலம். கூரையைச் செப்பனிடுவது பழுப்பு. வாளியை மட்டும் நம்பி எத்தனை மழைக்காலத்தைக் கழிப்பது? (இரண்டு வேலையையும் செய்யும் கலப்பு மருந்து இன்ஹேலர்களும் இப்போது உண்டு. எது யாருக்கு என்பதை டாக்டர்தான் கூற வேண்டும்.)

இந்தக் கருவியின் கதையும் கேட்கத் தக்கது. அமெரிக்காவில் ரைக்கர் என்னும் மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மேசன் என்பவரின் மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் போல என் மருந்தையும் ஏன் செய்யக் கூடாது என்று அச்சிறுமி கேட்டாளாம். அதன் விளைவாக 1956-ல் அளவாக மருந்து தெளிக்கும் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. பெரிய உபகாரந்தான். ஆயினும் 1960-களில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தேசங்களில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று கூடின. அதிக வீரியமுள்ள ஐசோப்பிரினலின் இன்ஹேலரின்மேல் சந்தேகம் விழுந்தது. இப்போதுள்ள சால்பியூட்டமால் 1969-ல் வந்தது, அதைவிடப் பத்திரமானது. என்றாலும் அதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நீலத்தை மட்டும் கொடுத்து அனுப்பலாகாது என்று, ஜினா என்னும் உலக ஆஸ்துமா வல்லுநர் அமைப்பு 2019-ல் அறிவித்தது.

வியாபாரிகள் எதையும் கணக்கு வைத்துப் பார்க்கிறவர்கள். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. நீல டப்பா ஒன்றில் பொதுவாக 200 முறை அழுத்தும் அளவு மருந்து இருக்கும். திறந்த தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். ஆண்டொன்றுக்கு 3 டப்பாவோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடும் இழுப்பு வரும் அபாயம் கூடுகிறது. 12 டப்பாவோ மேலோ ஆனால் உயிருக்கே அபாயம் கூடுகிறது என்கிறார்கள். மாதம் ஒரு டப்பா தீர்கிறவர் நம்மிலேயே இருக்கக்கூடும். அவர் அடுத்த டப்பா வாங்கு முன் டாக்டரைப் பார்ப்பது சிலாக்கியம். குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்தான் கட்டணம்.

நிற்க. மருந்தின் பக்க விளைவுகளுக்கு வருவோம். பலர் மருந்தை நிறுத்துவது இதனாலேயே.

நீலத்தை இழுத்தபின் கை நடுங்கும்; நெஞ்சு படபடக்கும். தராசில் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கையில் என் விரல் நடுங்குவதைக் கண்ட வாடிக்கைக்காரர், "என்ன பாய், இன்னும் சாப்பிடவில்லையா?" என்று கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை, சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அடங்காவிட்டாலும், இருதய நோய் உள்ளவர்களும், டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பழுப்பு இன்ஹேலரால் வாயில் வெண்படலம் படியலாம், தொண்டை கம்மலாம். பாங்கு சொல்பவர்களும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர்களும் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பரிகாரம் சுலபம். மருந்து எடுத்தவுடன் தண்ணீர் விட்டு வாயையும் தொண்டையையும் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும்; விழுங்கலாகாது. ஸ்பேசர் என்னும் குழாய் போன்ற கூட்டை இன்ஹேலரில் மாட்டி இழுத்தால் மருந்து வாயில் தங்காமல் நெஞ்சுக்குள் போகும். நேராக இழுப்பவர்கள் நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் இறுகப் பற்றி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி அடக்கி வைக்க வேண்டும். அவசரமாக உறிஞ்சினால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும்.

"ஸ்டீராய்டா! முகம் வீங்கும், எலும்பு உருகும்" என்று பயமுறுத்துகிறவர்கள் அநேகர். அளவைப் பாருங்கள். 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் மாத்திரை என்பது 5,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் பலர் ஒரு நாளைக்கு எடுப்பது 200 முதல் 400 மைக்ரோகிராம். அதுவும் நேரே மூச்சுக் குழாய்க்குப் போகிறது. உயர்ந்த அளவை நெடுங்காலம் எடுத்தால் கண்ணுக்கும் எலும்புக்கும் தீங்கு வரலாம் என்பது மெய். அதனால்தான் நோய் கட்டுப்பட்டபின் டாக்டர் படிப்படியாக அளவைக் குறைக்கிறார். நாமாக நிறுத்துவது வேறு, அவர் குறைப்பது வேறு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்ஹேலர் ஸ்டீராய்டுக்குப் பயந்தவர் ஊர் பேர் தெரியாத "மூலிகைத் தூளை" வாங்கி மாதக்கணக்கில் தின்பார். அப்படிப்பட்ட பதிவு செய்யாத பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். பொட்டலத்தில் மால் என்று தொடங்கும் பதிவு எண் இல்லாததை என் கடையில் வைப்பதில்லை, நீங்களும் வாங்காதீர்கள்.

இனி ஒவ்வாமை. நம் நாட்டில் முதல் எதிரி கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள். தலையணை, மெத்தை, கம்பளங்களில் வாழ்பவை. பழைய இலவம் பஞ்சு மெத்தையை மாற்ற வசதியில்லாவிட்டாலும், விரிப்புகளையும் உறைகளையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைப்பது நலம். கரப்பான் பூச்சி, பூஞ்சணம், பூனை முடி, சாம்பிராணி, கொசுவத்தி, சிகரெட் ஆகியவையும் இழுப்பைத் தூண்டும். 2023 மார்ச்சில் ஜொகூரில் பெருவெள்ளம் வந்ததே, அப்படி வெள்ளம் வடிந்த வீடுகளில் சுவரில் பூஞ்சணம் படராமல் உலர்த்த வேண்டும். கடைக்காரர்களுக்கு மிளகாய்த் தூளும் கோதுமை மாவும் தனிச் சத்துரு. நான் முகக்கவசம் அணிந்துதான் மூட்டை பிரிக்கிறேன். கூட்டுவதற்குப் பதில் ஈரத் துணியால் துடைக்கச் சொல்கிறேன். வெள்ளரிக்காய், வாழைப்பழம் எல்லாம் "குளிர்ச்சி" என்று ஒதுக்கிப் பிள்ளைகளைப் பட்டினி போடுவது தேவையற்றது. தின்றபின் உண்மையில் தொல்லை கண்ட பண்டத்தை மட்டும் விலக்கினால் போதும். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்குக் கடும் இழுப்பைக் கொண்டுவரும், கேட்காமல் விழுங்கலாகாது.

பெண்பிள்ளைகள் விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். சம்பந்தம் பேச வருகிறார்கள் என்று இன்ஹேலரை ஒளித்து வைக்கும் வீடுகள் உண்டு. அப்பெண் புகுந்த வீட்டிலும் ஒளிந்து ஒளிந்து மருந்து எடுக்கிறாள். கர்ப்பமானால் பயந்து நிறுத்திவிடுகிறாள். மருந்தைவிட அடங்காத இழுப்பே தாய்க்கும் சிசுவுக்கும் கேடு. மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதில் என்ன குறைவு?

நோன்பில் இன்ஹேலர் எடுப்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஜித்தாவில் 1997-ல் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, பல மருந்துகளைப் பற்றித் தீர்மானம் செய்தும், இதைப் பிற்பாட்டுக்கு ஒத்திவைத்தது. ஆகவே உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழுப்பை ஸஹரிலும் நோன்பு திறந்த பின்னும் எடுக்கும்படி டாக்டர் ஒழுங்கு செய்து தரலாம். இழுப்பு வந்துவிட்டால் மட்டும் யோசனை வேண்டாம். நீலத்தை எடுத்தே ஆக வேண்டும். நோயாளிக்கு அந்நோன்பைப் பின்னர் களாச் செய்யச் சலுகை இருக்கிறது.

புகைமூட்டக் காலத்தையும் மறக்கலாகாது. 2013 ஜூன் 23-ந் தேதி, நம் ஜொகூரிலேயே மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 வரை ஏறி, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை பிரகடனமாயிற்று. 300-ஐத் தாண்டினாலே அபாயமாகும். அப்படிப்பட்ட நாட்களில் கதவு ஜன்னலை அடைத்து வீட்டில் இருங்கள். பழுப்பை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, மயக்கம் வருகிறது, நீலம் எடுத்தும் மூச்சு இளகவில்லை. இவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 999-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காமல் உட்கார்த்தி, ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு அழுத்தாக 4 முதல் 10 வரை நீல மருந்து கொடுத்து, 20 நிமிஷத்துக்கு ஒருமுறை அதேபோல் திரும்பக் கொடுத்துவரலாம். பாலோவிலிருந்து குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். ஆகவே நீல டப்பா எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள சிறுபிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.